டியூப் போட வேண்டும் என்று டாக்டர் சொல்லும்போது

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

"டியூப் போட்டா ஆள் திரும்ப வராது" என்ற பேச்சு நம் மக்களிடம் எவ்வளவு ஆழமாக வேர் விட்டிருக்கிறது என்பதைச் சாவு வீடுகளிலும் கோயில் மண்டபங்களிலும் கேட்டுக் கேட்டு மனம் பொறுக்காமல் எழுதுகிறேன். பினாங்கில் தீவிர சிகிச்சைப் பிரிவில் தாதியாக வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். டாக்டர் இல்லை. ஆனால் மூச்சுக்குழாயில் டியூப் போடும் நேரத்தில் டாக்டரின் வலப்பக்கம் நின்று ஒவ்வொன்றாகக் கையில் எடுத்துக் கொடுப்பவர்கள் என்னைப் போன்ற தாதியர்தான். அப்புறம் கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்து, "மிஸ்ஸி, அப்பாவுக்கு எப்படி இருக்கு?" என்று ஓடி வரும் பிள்ளைகளுக்குப் பதில் சொல்பவர்களும் நாங்கள்தான். கதவின் இரண்டு பக்கமும் நின்றவள் என்பதால் சொல்கிறேன், டியூப்பைவிட ஆபத்தானது, போடவேண்டும் என்று முடிவான பிறகும் அதைத் தள்ளிப் போடுவது.

இது எப்படி நடக்கிறது என்று பாருங்கள். நிமோனியாவில் மூச்சு வாங்கிக்கொண்டிருக்கும் ஒருவருக்கு முதலில் மூக்கில் ஆக்சிஜன் வைக்கிறார்கள், போதவில்லை என்றால் வேகமாக ஆக்சிஜன் செலுத்தும் கருவி, அதுவும் போதவில்லை என்றால் முகத்தில் இறுக்கிக் கட்டும் மாஸ்க். இவ்வளவையும் தாண்டித்தான் டாக்டர் சாயங்காலம் நாலு மணிக்கு வெளியே வந்து, "களைத்துப் போய்விட்டார், டியூப் போட்டு மெஷினில் வைக்கவேண்டும்" என்கிறார். குடும்பம் கூடிப் பேசுகிறது. சிங்கப்பூரில் இருக்கும் பெரியண்ணன் வரட்டும் என்கிறார்கள். அத்தை ஒருவர் அழுதுகொண்டே வேண்டவே வேண்டாம் என்கிறார். யாரோ ஒருவர் வாட்ஸ்அப்பில் வந்த குரல் பதிவைப் போட்டுக் காட்டுகிறார். பெரியண்ணன் வந்து சேர நள்ளிரவு. அதற்குள் நோயாளிக்கு நினைவு தடுமாறி, நூறுக்குப் பக்கத்தில் இருக்கவேண்டிய ஆக்சிஜன் அளவு எழுபதுக்கு இறங்கி, பிரஷரும் விழ, அப்போதுதான் "சரி, போடுங்க" என்று கையெழுத்து வருகிறது. நாலு மணிக்கு நிதானமாக, பகல் நேர டாக்டர்கள் எல்லாரும் இருக்கும்போது செய்திருக்க வேண்டிய வேலையை நள்ளிரவில் ஓடி ஓடிச் செய்கிறோம். அதில் இதயம் நின்றுவிட்டால், டியூப் போட்டார்கள், போய்விட்டார் என்று ஊர் சொல்கிறது. நடுவில் கரைந்த அந்த எட்டு மணி நேரத்தைப் பற்றி யாரும் பேசுவதில்லை.

இந்தப் பயம் எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியாமல் இல்லை. 2021இன் நடுவில் கோவிட் நோயாளிகளால் கிள்ளான் பள்ளத்தாக்கு மருத்துவமனைகள் நிரம்பி வழிந்தபோது, சுகாதார அமைச்சு தினமும் வெளியிட்ட கணக்கில் தீவிர சிகிச்சையில் இத்தனை பேர், சுவாசக் கருவியின் உதவியோடு இத்தனை பேர் என்று தனித்தனியாகச் சொல்வார்கள். அந்தக் கடைசி வரியில் சேர்ந்தவர்களில் பலர் வீட்டுக்குத் திரும்பவில்லை. உள்ளே போய்ப் பார்க்கவும் விடவில்லை. டியூப் போடுவதற்கு முன் வீடியோ காலில் இரண்டு நிமிடம் பேசியதுதான் பல குடும்பங்களுக்குக் கடைசிப் பேச்சு. அந்த வலியை அனுபவித்த மக்கள் இன்று பயப்படுவது தவறே இல்லை. ஆனால் அந்த நோயாளிகளின் நுரையீரல் ஏற்கெனவே எவ்வளவு கெட்டிருந்தது என்பதை யாரும் அவர்களுக்கு உட்கார வைத்து விளக்கவில்லை. விளக்காமல் விட்ட இடத்தில் வதந்தி புகுந்துகொண்டது.

ஆபத்தே இல்லை என்று நான் சொல்ல வரவில்லை. தீவிர நோயாளிக்கு டியூப் போடுவது மருத்துவமனையில் செய்யப்படும் மிக ஆபத்தான வேலைகளில் ஒன்று. 29 நாடுகளில் 197 இடங்களில் 2964 நோயாளிகளைக் கவனித்து 2021இல் வெளிவந்த இன்டியூப் ஆய்வில், 100க்கு 45 பேருக்கு டியூப் போடும்போதோ போட்ட உடனேயோ ஏதாவது ஒரு பெரிய சிக்கல் வந்தது. அதில் பெரும்பகுதி பிரஷர் விழுந்தது. ஏறத்தாழ 9 பேருக்கு ஆக்சிஜன் மிகவும் இறங்கியது. 3 பேருக்கு இதயமே நின்றது. இந்த எண்களைப் பார்த்தால் பயம் வரும், வரட்டும். எதைச் சரிசெய்தால் ஆபத்து குறையும் என்பதையும் அதே எண்கள்தான் காட்டுகின்றன.

ஆபரேஷனுக்கு மயக்க மருந்து கொடுத்து டியூப் போடுவதும் இதுவும் ஒன்றல்ல. ஆரோக்கியமான ஒருவருக்கு மூன்று நிமிடம் முழு ஆக்சிஜன் கொடுத்துவிட்டு மருந்து போட்டால், மூச்சு நின்ற பிறகும் சில நிமிடங்களுக்கு உடம்பில் ஆக்சிஜன் தாங்கும். பட்டர்வொர்த்திலிருந்து கோலாலம்பூருக்குக் கிளம்புமுன் டேங்க் நிரப்புவது போலத்தான். தீவிர நோயாளிக்கோ டேங்கும் சின்னது, ஓட்டையும் இருக்கிறது. சளியும் நீரும் அடைத்த நுரையீரலில் சேமிப்பே இல்லை, காய்ச்சலில் உடம்பு ஆக்சிஜனை வேகமாகச் செலவழிக்கிறது, மருந்து போட்ட ஒரு நிமிடத்துக்குள்ளேயே அளவு சரியத் தொடங்கிவிடும். அதனால்தான் டியூப்புக்கு முன் செய்கிற ஏற்பாடு இவ்வளவு முக்கியம். கட்டிலின் தலைப்பக்கத்தை உயர்த்தி வைக்கவேண்டும். வெறும் ஆக்சிஜன் மாஸ்க்கைவிட, அழுத்தத்தோடு காற்று தள்ளும் மாஸ்க்கை டியூப் போடும் முன் சில நிமிடம் வைத்தால் பெரிய வித்தியாசம் தெரிகிறது. அமெரிக்காவில் 1301 நோயாளிகளிடம் செய்து 2024இல் வெளியிட்ட ஆய்வில், வெறும் மாஸ்க் வைத்தவர்களில் 100க்கு 18 பேருக்கு மேல் ஆக்சிஜன் ஆபத்தான அளவுக்கு இறங்கியது, அழுத்த மாஸ்க் வைத்தவர்களில் 9 பேருக்குத்தான். பாதி! அந்தச் சில நிமிடங்கள் கிடைக்கவேண்டும் என்றால் நோயாளி மாஸ்க்கைப் பொறுத்துக்கொள்ளும் நிலையில் இருக்கவேண்டும். நள்ளிரவு வரை காத்திருந்தவரிடம் அந்த நிமிடங்கள் மிச்சம் இருக்காது.

பிரஷர் விழுவதும் இப்படித்தான். மூச்சுக்குத் தவிக்கும் உடம்பு தன் முழு பலத்தையும் போட்டு இரத்த அழுத்தத்தைப் பிடித்து வைத்திருக்கும். மயக்க மருந்து போனதும் அந்தப் பிடி தளர்கிறது, மெஷின் காற்றைத் தள்ளும்போது நெஞ்சுக்குள் அழுத்தம் கூடி இதயத்துக்குத் திரும்பும் இரத்தம் குறைகிறது. தெரிந்த டாக்டர் மருந்தின் அளவைக் குறைப்பார், பிரஷரை அதிகம் இறக்காத கெட்டமின் போன்ற மயக்க மருந்தைத் தேர்ந்தெடுப்பார், பிரஷரை ஏற்றும் நோர்அட்ரினலினைத் தயாராக ஓடவிட்ட பிறகுதான் தொண்டைக்குள் பார்த்து டியூப் போட உதவும் லாரிங்கோஸ்கோப்பைக் கையில் எடுப்பார். அதையும் இப்போது கேமரா உள்ளதாக எடுப்பது நல்லது. 2023இல் வந்த ஒரு பெரிய ஆய்வில் கேமராவோடு முதல் முயற்சியிலேயே 100க்கு 85 பேருக்கு டியூப் சரியாகப் போனது, பழைய முறையில் 71 பேருக்கு. முதல் முயற்சி என்பது சின்ன விஷயமில்லை, இரண்டாவது, மூன்றாவது என்று போகப் போகத் தொண்டை வீங்கும், இரத்தம் கசியும், ஆக்சிஜன் இறங்கும்.

தென் கொரியாவில் 2015இல் வெளியான ஓர் ஆய்வையும் சொல்லவேண்டும். மூக்கு வழி வேக ஆக்சிஜன் கொடுத்தும் தேறாமல் கடைசியில் டியூப் போடப்பட்டவர்களில், 48 மணி நேரத்துக்குள் போட்டவர்களில் 100க்கு 39 பேர் இறந்தார்கள், அதற்குப் பிறகு போட்டவர்களில் 67 பேர். காத்திருந்தவர்கள் வேறு காரணங்களாலும் மோசமாக இருந்திருக்கலாம், அதை மறைக்க மாட்டேன். அதற்காக எல்லாருக்கும் அவசரப்பட்டு டியூப் போடவேண்டும் என்றும் இல்லை. வேண்டும் என்று டாக்டர் முடிவெடுத்த பிறகு மணிக்கணக்காக வாசலில் நிற்பதைத்தான் சொல்கிறேன்.

டியூப் போட்டதும் அது மூச்சுக்குழாயில்தான் இருக்கிறதா, உணவுக்குழாயில் போய்விட்டதா என்று உறுதி செய்யவேண்டும். நெஞ்சில் ஸ்டெத்தாஸ்கோப் வைத்துக் கேட்பது, டியூப்பில் நீராவி படிவதைப் பார்ப்பது, இரண்டுமே ஏமாற்றும். வெளியே வரும் மூச்சில் கார்பன் டைஆக்சைடு இருக்கிறதா என்று மோனிட்டரில் அலை அலையாகக் காட்டும் கருவிதான் நம்பத் தகுந்தது. பிரிட்டனில் நாடு முழுவதும் ஓராண்டு கணக்கெடுத்து 2011இல் வெளியிட்ட அறிக்கை, தீவிர சிகிச்சைப் பிரிவில் மூச்சுப்பாதைச் சிக்கலால் இறந்த அல்லது மூளை பாதித்த சம்பவங்களில் 74 விழுக்காட்டில் அந்தக் கருவியைப் பயன்படுத்தாததும் ஒரு காரணம் என்று சொன்னது. அப்புறமும் 2020இல் அங்கே ஒரு பெண்மணி, குடல்வால் ஆபரேஷனுக்குப் போனவர், டியூப் உணவுக்குழாயில் இருந்தது தெரியாமலே இறந்தார். அலை தெரியவில்லை என்றால் டியூப் தவறான இடத்தில் இருக்கிறது என்றே எடுத்துக்கொள் என்று அங்கே இயக்கமாகவே நடத்துகிறார்கள். நம் நாட்டிலும் இந்தக் கருவி ஐசியுவில் மட்டும் இருந்தால் போதாது, எமர்ஜென்சியிலும், வாட்டிலும், நோயாளியை மருத்துவமனை விட்டு மருத்துவமனை மாற்றும் அம்புலன்ஸிலும் இருக்கவேண்டும், சின்ன ஊர் மருத்துவமனை என்றால் இல்லாமல் இருக்கலாம் என்ற நினைப்பே கூடாது.

ஒரு தாதியாக என் மனத்தை விட்டு அகலாத பெயர் எலைன் புரோமிலி. 2005இல் பிரிட்டனில் சைனஸ் ஆபரேஷனுக்குப் போன இளம் தாய். மயக்க மருந்து கொடுத்த பிறகு மூச்சுப்பாதையைத் திறக்க முடியவில்லை. அனுபவமுள்ள டாக்டர்கள் திரும்பத் திரும்ப டியூப் போடவே முயன்றுகொண்டிருந்தார்கள். கழுத்தில் துளையிட்டு மூச்சுக்கு வழி செய்யும் கருவிப் பெட்டியை ஒரு தாதி எடுத்து வந்து, தயாராக இருக்கிறது என்று சொல்லியும் அது அவர்கள் காதில் ஏறவில்லை. அந்தப் பெண் 13 நாள் கழித்து இறந்தார். விமானியான அவருடைய கணவர் மார்ட்டின் புரோமிலி யாரையும் பழிவாங்கப் போகவில்லை, விமானத்தில் துணை விமானி கேப்டனைத் தடுத்துப் பேசப் பயிற்சி கொடுப்பது போல மருத்துவத்திலும் வேண்டும் என்று ஓர் அமைப்பையே உருவாக்கினார். பெரிய டாக்டரை எதிர்த்து ஒரு தாதி, "டாக்டர், ஆக்சிஜன் எண்பத்தைந்து, நிறுத்துங்க, மாஸ்க் வைங்க" என்று குரல் எழுப்ப முடியாத இடத்தில் எந்தக் கருவியும் உதவாது. முயற்சி எத்தனை என்று ஒருவர் எண்ணவேண்டும், மோனிட்டரை மட்டும் பார்த்துச் சத்தமாகச் சொல்ல ஒருவர் வேண்டும், டியூப் போகாவிட்டால் அடுத்தது என்ன, அதுவும் முடியாவிட்டால் கழுத்தில் எந்த இடத்தில் வெட்டுவது என்று மருந்து போடும் முன்பே வாய்விட்டுப் பேசிக்கொள்ளவேண்டும். இதற்கு ஒரு சரிபார்ப்புப் பட்டியல் போதும், செலவே இல்லை. பிரான்சில் மூன்று தீவிர சிகிச்சைப் பிரிவுகளில் இப்படிப் பத்து படிகளைக் கட்டாயமாக்கியபோது உயிருக்கு ஆபத்தான சிக்கல்கள் 34 விழுக்காட்டிலிருந்து 21க்கு இறங்கின. 2010லேயே வெளிவந்த ஆய்வு இது.

இப்போது நம் வீட்டுப் பக்கம் வருகிறேன். குடும்பம் சொல்லக்கூடிய தகவல்கள் சில டாக்டருக்குத் தங்கம் மாதிரி, ஆனால் யாரும் கேட்பதும் இல்லை, சொல்வதும் இல்லை.

தோட்டப்புறத்தில் வளர்ந்த நம் பெரியவர்களில் வெற்றிலை பாக்கு போடாதவர் குறைவு. பல வருடம் பாக்கு மென்றவர்களுக்கு வாயின் உள்தோல் இறுகி, வாய் முழுதாகத் திறக்காது. வீட்டில், பாட்டிக்குப் பெரிய கவளம் வாய்க்குள் போகாது என்று எல்லாருக்கும் தெரிந்திருக்கும், ஆனால் மூச்சுத்திணறலில் மாஸ்க்கோடு கிடக்கும் பாட்டியின் வாயை டாக்டர் அதுவரை திறந்தே பார்த்திருக்க மாட்டார். மருந்து போட்ட பிறகுதான் இரண்டு விரல்கூட நுழையவில்லை என்று தெரிந்தால் நிலைமை என்ன ஆகும்? இன்னொன்று நீரிழிவு, நம் சமூகத்தில் சொல்லவே வேண்டாம். நெடுநாள் சர்க்கரை உள்ளவர்களுக்கு மூட்டுகள் விறைத்துப் போகும். கைகூப்பி வணக்கம் சொல்லும்போது உள்ளங்கையும் விரல்களும் ஒட்டாமல் இடைவெளி தெரிகிறதா என்று டாக்டர்கள் பார்ப்பதுண்டு, அப்படி இருந்தால் கழுத்து மூட்டும் விறைத்திருக்கலாம், டியூப் போடுவது கடினமாகலாம். கோயிலில் அப்பா கும்பிடுவதைத் தினமும் பார்க்கும் பிள்ளைகளுக்கு இது முன்பே தெரிந்திருக்கும்.

இராத்திரியில் பயங்கரமாகக் குறட்டை விட்டு நடுவில் மூச்சு நிற்பவரா, முன்பு எந்த ஆபரேஷனிலாவது "டியூப் போடக் கஷ்டப்பட்டோம்" என்று சொன்னார்களா, டயாலிசிஸ் எப்போது செய்தது, ஒரு முறை தவறிவிட்டதா (பொட்டாசியம் ஏறியிருந்தால் சில மருந்துகள் இதயத்தை நிறுத்திவிடும்), மருந்து ஒவ்வாமை உண்டா, சர்க்கரைக்கோ எடைக்கோ வாரம் ஒருமுறை ஊசி போடுகிறாரா, கடைசியாக எப்போது சாப்பிட்டார், இதெல்லாம் கேட்காவிட்டாலும் சொல்லுங்கள். அந்த ஊசியும் நீரிழிவும் வயிறு காலியாவதைத் தாமதப்படுத்தும், வயிற்றில் இருப்பது நுரையீரலுக்குள் போனால் பிழைப்பது கஷ்டம். அதனால் கெஞ்சிக் கேட்கிறேன், மூச்சு வாங்கிக்கொண்டிருப்பவருக்குத் தெம்பு வரும் என்று ரெண்டு வாய் கஞ்சியோ மைலோவோ தாதியைக் கேட்காமல் ஊட்டாதீர்கள். பொய்ப்பல் செட் இருந்தால் அதையும் சொல்லுங்கள், பையில் போட்டு வீட்டுக்கு எடுத்துப் போய்விடாதீர்கள். மாஸ்க் நன்றாகப் பொருந்த அது வாயில் இருப்பது உதவும், டியூப் போடும் நேரத்தில் கழற்றிக்கொள்வார்கள்.

டியூப் போட்ட பிறகு குடும்பங்கள் கோபப்படுவது கைகளைக் கட்டி வைத்திருப்பதற்குத்தான். அப்பாவைக் கட்டிப் போட்டிருக்கிறீர்களே என்று அழுதவர்கள் பலர். அரை மயக்கத்தில் கை தானாகத் தொண்டைக்குத்தான் போகும், வீங்கிய தொண்டையிலிருந்து டியூப்பை இழுத்துவிட்டால் மறுபடி போடுவது முதல் தடவையைவிடக் கஷ்டம். கட்டாமலும் பார்த்துக்கொள்ள முடியும், அதற்குப் பக்கத்திலேயே ஒருவர் இருந்து கையைப் பிடித்துக்கொள்ளவேண்டும், அது குடும்பத்தில் ஒருவராகவும் இருக்கலாம், கேட்டுப் பாருங்கள். பேச்சு வராததையும் பார்த்துப் பயப்படாதீர்கள். டியூப் குரல் நாண்களுக்கு நடுவில் போவதால்தான் சத்தம் வராது, எடுத்த பிறகு சில நாள் கரகரவென்று இருந்து பெரும்பாலும் தேறிவிடும்.

டியூப் வேண்டாம் என்று சொல்லவே கூடாதா என்றால், சொல்லலாம். புற்றுநோய் முற்றியவர், பல வருடம் படுத்த படுக்கையாக இருந்து தன் விருப்பத்தைத் தெளிவாகச் சொன்னவர், இப்படிப்பட்டவர்களுக்கு மெஷின் எதையும் சரிசெய்யப் போவதில்லை என்று டாக்டரே சொல்வார். அவர்களுக்கு மூச்சுத் தவிப்பு தெரியாமல் மருந்து கொடுத்துப் பக்கத்தில் இருப்பதும் சிகிச்சைதான். ஆனால் அந்தப் பேச்சை வீட்டில், நோயாளி தெளிவாக இருக்கும்போதே பேசிவிடுங்கள், யார் முடிவு சொல்வது என்பதையும் சேர்த்து. வேண்டாம் என்பதாக இருந்தாலும் வேண்டும் என்பதாக இருந்தாலும் முதல் முறை டாக்டர் கேட்கும்போதே பதில் இருக்கவேண்டும்.

மருத்துவமனைகளுக்கும் சுகாதார அமைச்சுக்கும் என் வேண்டுகோள் இரண்டே. டியூப் போடுவது என்றால் என்ன, ஏன், என்ன ஆபத்து, குடும்பம் என்ன சொல்லவேண்டும் என்று ஒரு பக்கத் தாள் எல்லா மொழிகளிலும், தமிழிலும், ஐசியு வாசலில் கிடைக்கவேண்டும். மலாயில் உள்ள பாரத்தை நீட்டி, கையெழுத்துப் போடும் இடத்தைப் பேனாவால் காட்டுவது விளக்கம் ஆகாது. அடுத்தது, யாருக்காவது டியூப் போடக் கஷ்டமாக இருந்தால், என்ன கஷ்டம், எந்த அளவு டியூப், எந்தக் கருவியால் கடைசியில் முடிந்தது என்று எழுதி, வீட்டுக்கு அனுப்பும்போது ஒரு கடிதமாகக் கையில் கொடுக்கவேண்டும், அதை அவர் அடையாள அட்டையோடு வைத்துக்கொள்ளட்டும். நாளை வேறு ஊரில், வேறு மருத்துவமனையில் அவரை அம்புலன்ஸில் இறக்கும்போது, அங்கே இருக்கும் டாக்டருக்கு அந்த ஒரு தாளைவிடப் பெரிய உதவி வேறில்லை.

தமிழில் அந்தத் தாளை எழுதவோ, எழுதியதைச் சரிபார்க்கவோ ஆள் வேண்டும் என்றால் என்னைப் போல ஓய்வு பெற்ற தாதியர் பினாங்கிலும் செபராங் பிறையிலும் நிறையப் பேர் இருக்கிறோம். காசு வேண்டாம், கூப்பிட்டால் வருவோம்.

அன்புடன்,
ஓய்வு பெற்ற தாதி,
பட்டர்வொர்த், பினாங்கு